ஜெஃபர்சன் நாத்திகரா? கடிதங்கள் சொல்லும் பதில்

அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சனை (1743–1826) நாத்திகர் என்று அவர் காலத்துப் போதகர்கள் ஏசினார்கள். இன்று பகுத்தறிவாளர் பலர் அதே சொல்லால் அவரைப் பாராட்டுகிறார்கள். அவர் பக்தியுள்ள கிறிஸ்தவர் என்று வாதிடும் தரப்பும் அமெரிக்காவில் வலுவாகவே இருக்கிறது. இன்றைய இந்த இரு தரப்புமே தத்தம் சான்றுகளை அவருடைய தனிப்பட்ட கடிதங்களிலிருந்துதான் எடுக்கின்றன.

அதற்குக் காரணம் உண்டு. ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் ஏறத்தாழ 19,000 கடிதங்கள் எழுதியவர். 1804 முதல் இரண்டு பேனாக்கள் இணைந்த எழுதுகருவி ஒன்றைப் பயன்படுத்தினார். ஒரு பேனாவால் எழுதும்போதே மற்றது படியெடுத்துவிடும். இப்படிப் படிகளைச் சேர்த்து வைத்ததால் அவர் மனத்தின் போக்கை ஆண்டு வாரியாக நம்மால் தொடர முடிகிறது. பொது மேடையில் அவர் மதத்தைப் பற்றி மிகக் குறைவாகவே பேசினார். மனம் திறந்தது கடிதங்களில்தான், அதிலும் நம்பிக்கைக்குரிய சிலரிடம் மட்டும். எனவே ஒரு கடிதம் யாருக்கு எழுதப்பட்டது, எந்த ஆண்டில், எந்த நெருக்கடியில் என்று பார்க்காமல் ஒரு வரியைப் பிய்த்தெடுத்தால் எந்த முடிவுக்கும் அவரைச் சாட்சியாக்கிவிடலாம். இதுவரை நடந்தது பெரும்பாலும் அதுதான். கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தால் கிடைக்கும் விடை வேறு.

மருமகனுக்குச் சொன்ன அறிவுரை

ஜெஃபர்சன் ஆங்கிலிக்கன் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்றவர். வில்லியம்ஸ்பர்கில் இருந்த கல்லூரியில் வில்லியம் ஸ்மால் என்ற கணிதப் பேராசிரியரிடம் அறிவியலும் ஐரோப்பிய அறிவொளிக் காலத்துச் சிந்தனையும் பயின்றார். இளமையிலேயே அவருக்குள் ஐயம் எழுந்துவிட்டது. 1788இல் டெரியூ என்ற பிரெஞ்சு நண்பர் தம் குழந்தைக்கு ஞானத்தந்தையாக இருக்கும்படி கேட்டபோது ஜெஃபர்சன் மறுத்தார். அந்தப் பொறுப்பை ஏற்பவர் திருச்சபையின் முன், ஒரே கடவுள் மூவராக இருக்கிறார் என்னும் திரித்துவக் கோட்பாட்டை ஒப்புக்கொள்ள வேண்டும். தம் இளமைக் காலம் முதலே தம்மால் அதை ஏற்க முடிந்ததில்லை என்று காரணமும் எழுதினார். குழந்தையின் சடங்குதானே என்று ஒப்புக்குத் தலையாட்டிவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை.

அதற்கு ஓராண்டு முன்பு, 1787 ஆகஸ்ட் 10 அன்று, பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்தபோது எழுதிய கடிதம்தான் பெரிதும் மேற்கோள் காட்டப்படுவது. அது பீட்டர் காருக்கு எழுதப்பட்டது. பீட்டர், ஜெஃபர்சனின் சகோதரி மகன். தந்தையை இளவயதிலேயே இழந்த பதினேழு வயது இளைஞன். தாய்மாமன் என்ற பொறுப்போடு அவனுக்கு ஒரு பாடத்திட்டம் வகுத்துத் தரும் கடிதம் அது. மொழிகள், ஒழுக்கம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு மதத்துக்கு வருகிறார். ரோமானிய வரலாற்றாசிரியர்களான லிவியையும் டாசிடஸையும் எப்படிப் படிக்கிறாயோ அப்படியே பைபிளையும் படி என்கிறார். யோசுவாவுக்காகச் சூரியன் நின்றது என்று எழுதப்பட்டிருந்தால், சுழலும் பூமி திடீரென நின்று, எதையும் கவிழ்க்காமல் மறுபடி சுழலத் தொடங்கியது என்பதை நம்பும் அளவுக்குச் சான்று வலுவானதா என்று எடைபோடச் சொல்கிறார். கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வியையும் அஞ்சாமல் கேள். கடவுள் ஒருவர் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு பயப்படுவதைவிட அறிவைக் கொண்டு வணங்குவதையே அவர் விரும்புவார் என்கிறார்.

இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள் ஜெஃபர்சனை நாத்திகராக்கிவிடுகிறார்கள். கடிதம் அங்கே நிற்கவில்லை. உன் தேடல் கடவுள் இல்லை என்ற முடிவில் நின்றால், நற்செயலில் கிடைக்கும் மனநிறைவும் பிறர் அன்பும் உன்னை நல்வழியில் நிறுத்தப் போதும். கடவுள் உண்டு என்ற முடிவில் நின்றால், அவர் பார்வையில் வாழ்கிறோம் என்ற எண்ணம் கூடுதல் ஊக்கம் தரும் என்று இரண்டு வழிகளையும் திறந்து வைக்கிறார். விடையை அவர் மருமகனுக்குத் தரவே இல்லை. எந்த விடையைக் கண்டாலும் நீ கெட்டுப்போக மாட்டாய் என்ற உறுதியை மட்டும் தருகிறார். ஒரு பெரியவர் தம் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய உயர்ந்த சுதந்திரம் இதுதான் என்று நான் கருதுகிறேன்.

1800 தேர்தலும் அதன் காயமும்

1785இல் பாரிஸில் தனிப்பதிப்பாகவும் 1787இல் லண்டனில் பொதுப்பதிப்பாகவும் வெளிவந்த வெர்ஜீனியா மாநிலம் பற்றிய தம் நூலில், பக்கத்து வீட்டுக்காரர் இருபது கடவுள்கள் உண்டு என்றாலும் கடவுளே இல்லை என்றாலும் தமக்கு ஒரு கேடும் இல்லை என்ற கருத்தை ஜெஃபர்சன் எழுதியிருந்தார். 1800 குடியரசுத் தலைவர் தேர்தலில் அந்த வாசகமே அவருக்கு எதிரான ஆயுதமானது. வில்லியம் லின் என்ற போதகர் துண்டறிக்கை வெளியிட்டு, இவரைத் தேர்ந்தெடுப்பது கடவுளை மறுப்பதற்குச் சமம் என்று வாதிட்டார். எதிரணியான ஃபெடரலிஸ்ட் கட்சியின் ஏடுகள் கடவுள் வேண்டுமா, ஜெஃபர்சன் வேண்டுமா என்று வாக்காளரைக் கேட்டன.

ஜெஃபர்சன் பொதுவெளியில் ஒரு மறுப்பும் வெளியிடவில்லை. தேர்தல் சூடு உச்சத்தில் இருந்த 1800 செப்டம்பரில் பிலடெல்ஃபியா மருத்துவர் பெஞ்சமின் ரஷ்ஷுக்குத் தனிக் கடிதம் எழுதினார். மனித மனத்தின் மீதான எல்லாக் கொடுங்கோன்மைக்கும் எதிராகக் கடவுளின் பலிபீடத்தில் சூளுரைத்திருப்பதாக அதில் குறிப்பிட்டார். வாஷிங்டனில் 1943இல் திறக்கப்பட்ட ஜெஃபர்சன் நினைவிடத்தின் உட்புறத்தில் இந்த வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அங்கே அதைப் படிப்பவர்களுக்கு அது மன்னராட்சிக்கு எதிரான முழக்கம் போலத் தோன்றும். தங்கள் சபையை அரசின் சபையாக்கிவிடலாம் என்று நம்பிய குருமார்களைக் குறிவைத்தே கடிதத்தில் அதை எழுதினார். சூழல் நீங்கினால் ஒரு வாசகம் எவ்வளவு மாறிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேவையில்லை.

ரஷ்ஷுக்கு அனுப்பிய சுருக்கம்

அதே ரஷ்ஷுக்குத்தான் 1803 ஏப்ரலில், குடியரசுத் தலைவர் பதவியில் இருக்கும்போதே, ஜெஃபர்சன் தம் சமயக் கருத்தை முதன்முறையாக ஒழுங்குபடுத்தி அனுப்பினார். ஆக்சிஜனை ஆராய்ந்த விஞ்ஞானியும், திரித்துவத்தை மறுக்கும் யூனிட்டேரியன் பிரிவின் போதகருமான ஜோசப் பிரீஸ்ட்லி, சாக்ரடீஸையும் இயேசுவையும் ஒப்பிட்டு எழுதிய நூல் அவரைத் தூண்டியது. பண்டைய தத்துவ ஞானிகள், யூதர்கள், இயேசு ஆகியோரின் ஒழுக்கப் போதனைகளை அந்தச் சுருக்கம் ஒப்பிடுகிறது. தத்துவ ஞானிகள் தன் மனத்தை அடக்கக் கற்பித்தார்கள், பிறருக்கான கடமையில் குறைவைத்தார்கள். இயேசு அன்பை எல்லா மனிதருக்கும் விரித்தார், செயலோடு நிற்காமல் எண்ணத்தையும் தூய்மைப்படுத்தச் சொன்னார் என்பது அதன் சாரம். இயேசு தாமே எதையும் எழுதவில்லை, கல்வியறிவு குறைந்தவர்கள் பிற்காலத்தில் நினைவிலிருந்து எழுதினார்கள், அதனால் போதனை சிதைந்து வந்தது என்பது அவர் கருத்து. இயேசு எந்தப் பொருளில் பிறர் தம்மைப் பின்பற்ற விரும்பினாரோ அந்தப் பொருளில் மட்டும் தாம் கிறிஸ்தவர் என்றும், மனித மேன்மை அனைத்தையும் இயேசுவிடம் காண்பதாகவும், அதற்கு மேல் அவர் எதையும் கோரவில்லை என்று நம்புவதாகவும் உடன் வைத்த கடிதத்தில் எழுதினார்.

அதை எவருக்கும் காட்ட வேண்டாம் என்று ரஷ்ஷிடம் கேட்டுக்கொண்டார். தம் மகள்கள் போன்ற மிக நெருங்கியவர்களுக்கு மட்டும் தாமே படி அனுப்பினார். 1813இல் ரஷ் இறந்ததும், அவர் மகன் ரிச்சர்டுக்கு எழுதி அந்தக் கடிதத்தைத் திரும்பக் கேட்டு வாங்கினார். அந்த ஆண்டிலேயே இன்னோர் அதிர்ச்சியும் வந்தது. தாம் முன்பு பிரீஸ்ட்லிக்கு எழுதியவை லண்டனில் ஒரு வாழ்க்கை வரலாற்று நூலில் அச்சாகிவிட்டன என்று முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ் தெரிவித்தார். நம்பி எழுதியது அச்சேறியதைக் கண்டு ஜெஃபர்சன் வருந்தினார்.

கத்தரித்து ஒட்டிய நற்செய்தி

ஜெஃபர்சனின் நம்பிக்கையைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் சிறு நூலைப் பார்க்கலாம். 1804இல் முதல் முயற்சியாக, நற்செய்தி நூல்களிலிருந்து இயேசுவின் சொற்களை மட்டும் வெட்டி 46 பக்கத் தொகுப்பு ஒன்றைச் செய்தார், அது கிடைக்கவில்லை. 1820 வாக்கில் மீண்டும் உட்கார்ந்தார். கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் என நான்கு மொழிப் புதிய ஏற்பாடுகளை வாங்கி, வேண்டிய பகுதிகளைக் கூரிய கத்தியால் அறுத்தெடுத்து, நான்கு மொழியும் எதிரெதிராக வருமாறு தாள்களில் ஒட்டினார். கன்னிப்பிறப்பு பற்றிய அறிவிப்பு அதில் இல்லை. தண்ணீர் திராட்சரசமானதும் இறந்தவர் எழுந்ததும் இல்லை. கல்லறை வாயிலில் பெரிய கல்லை உருட்டிவைத்துவிட்டு அனைவரும் கலைந்து செல்வதோடு நூல் முடிகிறது, உயிர்த்தெழுதல் இல்லை.

எழுபத்தேழு வயதில் ஒருவர் இத்தனை பாடுபட்டது எதற்காக? அச்சிட்டு வெளியிடுவதற்காக இல்லை. அந்த நூல் இருப்பது அவர் குடும்பத்தாருக்கே அவர் காலத்துக்குப் பிறகுதான் தெரியவந்தது. 1895இல் அவருடைய கொள்ளுப்பேத்தியிடமிருந்து ஸ்மித்சோனியன் அதை 400 டாலருக்கு வாங்கியது. 1904இல் அமெரிக்க நாடாளுமன்றமே 9,000 படிகள் அச்சிட்டது. வேதத்தைக் கேலி செய்ய நினைப்பவர் நான்கு மொழிகளை ஒப்பிட்டு வரிவரியாக ஒட்டிக்கொண்டிருக்க மாட்டார். வேதத்தை அப்படியே இறைவாக்காக ஏற்பவர் அதில் கத்தி வைக்கவும் மாட்டார். ஜெஃபர்சன் இந்த இரு தரப்பிலும் சேராதவர் என்பதற்கு இந்த நூலே சாட்சி.

ஆடம்ஸுடன் முதுமையில்

1800 தேர்தலில் எதிரெதிரே நின்று பிரிந்த ஆடம்ஸும் ஜெஃபர்சனும், ரஷ்ஷின் முயற்சியால் 1812இல் மீண்டும் எழுதத் தொடங்கினார்கள். 1826 ஜூலை 4 அன்று இருவரும் ஒரே நாளில் இறக்கும்வரை தொடர்ந்த அந்தக் கடிதங்களில் மதம் மிகப் பெரிய இடத்தைப் பிடித்தது.

1820 ஆகஸ்டில் ஆடம்ஸுக்கு எழுதியபோது ஜெஃபர்சன் தம்மைப் பொருள்முதல்வாதியாகவே காட்டிக்கொள்கிறார். பருப்பொருள் அல்லாத இருப்பு என்று பேசுவது வெறுமையைப் பற்றிப் பேசுவதுதான். கடவுள், ஆன்மா எதுவானாலும் பருப்பொருளாகவே இருக்க வேண்டும் என்கிறார். அதற்கு முந்தைய ஆண்டு நண்பர் வில்லியம் ஷார்ட்டுக்குத் தம்மைக் கிரேக்கத் தத்துவ ஞானி எப்பிக்யூரஸைப் பின்பற்றுபவர் என்றும் எழுதியிருந்தார். இவற்றைப் படித்ததும் நாத்திகம் என்று முடிவுகட்டத் தோன்றும். 1823 ஏப்ரல் 11 கடிதம் அந்த முடிவைத் தடுக்கிறது. பிராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதி கால்வின் வணங்கிய கடவுளைத் தம்மால் வணங்க முடியாது என்று அதில் கடுமையாகச் சாடுகிறார். அதே மூச்சில், தாம் ஒருநாளும் நாத்திகராக முடியாது என்றும் சொல்கிறார். கோள்களின் ஒழுங்கான ஓட்டத்தையும் உயிரினங்களின் அமைப்பையும் காணும் மனித மனம், இவற்றுக்குப் பின்னால் ஓர் அறிவும் ஆற்றலும் இருப்பதை உணராமல் இருக்க முடியாது என்பது அவர் வாதம். வேத வெளிப்பாடு இல்லாமல் கடவுளை அறிய முடியாது என்று சாதிக்கும் கிறிஸ்தவர்கள், உலக மக்களில் ஆறில் ஐந்து பங்கினருக்குக் கடவுளே தெரியாது என்று சொல்லி நாத்திகருக்கு வாதம் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்றும் குற்றம் சாட்டுகிறார். கிறிஸ்தவர் அல்லாத மக்களின் அறிவையும் மதித்த வாதம் அது.

1818 அக்டோபரில் ஆடம்ஸின் மனைவி அபிகெயில் காலமானார். நவம்பரில் ஜெஃபர்சன் எழுதிய ஆறுதல் கடிதத்தில் வாதமே இல்லை. தம் துயரங்களையும் உடலையும் ஒருசேர விட்டுவிட்டு, நேசித்து இழந்தவர்களை மறுபடி சந்திக்கும் நாள் தொலைவில் இல்லை என்று எழுதினார். மனைவியையும், அவர் பெற்ற பிள்ளைகளில் ஒருத்தியைத் தவிர மற்ற எல்லோரையும் பறிகொடுத்தவர் எழுதியது இது. பொருள்முதல்வாதக் கடிதத்தோடு இது முரண்படுகிறதே என்று சிலர் கேட்கிறார்கள். 1822இல் வாட்டர்ஹவுஸ் என்ற மருத்துவருக்கு எழுதியதிலும் ஒரே கடவுள், மறுமையில் நற்பலனும் தண்டனையும், கடவுளிடமும் பிறரிடமும் அன்பு என்ற மூன்றையே இயேசுவின் போதனையாகத் தொகுக்கிறார். எனவே மறுமை நம்பிக்கையை வெறும் ஆறுதல் வார்த்தை என்று தள்ளிவிட முடியாது.

நாத்திகரின் ஒழுக்கம்

1814 ஜூன் 13 அன்று தாமஸ் லாவுக்கு எழுதிய கடிதம் இந்த ஆய்வின் மையம் என்பேன். லா, கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியாக இந்தியாவில் பணியாற்றிவிட்டு அமெரிக்காவில் குடியேறியவர். ஒழுக்கத்தின் அடித்தளம் எது என்பது பேச்சு. கடவுள் அன்பே அடித்தளம் என்றால் நாத்திகரிடம் ஒழுக்கம் எங்கிருந்து வருகிறது என்று ஜெஃபர்சன் கேட்கிறார். உண்மையான நாத்திகரே கிடையாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பிரெஞ்சு அறிவொளிக் காலச் சிந்தனையாளர்களான டிடெரோ, டாலம்பேர், டோல்பாக், கோண்டோர்சே ஆகியோர் நாத்திகர் என்பதும், மிக நல்லொழுக்கம் உள்ளவர்கள் என்பதும் ஊரறிந்தது என்கிறார். அப்படியானால் ஒழுக்கம் பிறப்பிலேயே மனிதரிடம் அமைந்த உணர்வு. பார்வையும் செவிப்புலனும் போல அது எல்லோருக்கும் உண்டு. சிலருக்கு அது குறைபடலாம், அதனால் அது இல்லை என்றாகிவிடாது.

கடவுளை நம்பிய ஒருவர், தம் நம்பிக்கைக்கு எதிரே நிற்பவரின் நேர்மைக்குச் சான்றிதழ் தருகிறார். நாத்திகர் இதைச் சொல்லியிருந்தால் தன் தரப்பு வாதமாகிவிடும். ஆத்திகர் சொன்னதால்தான் இது நீதியாகிறது.

சட்டமாக மாறிய நம்பிக்கை

எந்த மதத்தினருக்கும் மதமற்றவருக்கும் ஒழுக்கம் உண்டு என்ற இந்த நம்பிக்கைதான் அவருடைய அரசியலுக்கு வேர். 1777இல் அவர் வரைந்த வெர்ஜீனியா மதச் சுதந்திரச் சட்டம், ஜேம்ஸ் மேடிசனின் உழைப்பால் 1786இல் நிறைவேறியது. அதன் முகவுரையில் இயேசு கிறிஸ்துவின் பெயரைச் சேர்க்க வந்த திருத்தம் தோற்றதைப் பற்றி 1821இல் தன்வரலாற்றுக் குறிப்பில் மகிழ்ச்சியோடு எழுதினார். யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து, எந்த வகை நம்பிக்கையற்றவர் ஆனாலும் அனைவருக்கும் அந்தச் சட்டம் காவல் என்பது அந்தத் தோல்வியால் உறுதியாயிற்று என்பது அவர் கருத்து. 1802 ஜனவரி 1 அன்று டான்பரி பாப்டிஸ்ட் சபையினருக்கு அனுப்பிய பதிலில் அரசுக்கும் மதத்துக்கும் இடையே மதில் என்ற உருவகத்தை முன்வைத்தார். இரண்டு நாள் கழித்து, பிரதிநிதிகள் அவை மண்டபத்தில் நடந்த வழிபாட்டுக்குப் போய் அமர்ந்தார். வழிபடும் உரிமையும் கட்டாயமின்மையும் ஒரே கொள்கையின் இரு பகுதிகள் என்று எண்ணியவருக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை.

குறைகளும் சொல்லப்பட வேண்டும்

அவர் மௌனத்தில் கொள்கை இருந்தது, அச்சமும் இருந்தது. என் மதத்தை யாருக்கும் சொன்னதில்லை, பிறர் மதத்தைத் துருவியதும் இல்லை என்று 1816இல் மார்கரெட் பேயார்ட் ஸ்மித்துக்கு எழுதியது கொள்கை. கடிதங்களைத் திரும்பக் கேட்டு வாங்கியது 1800இல் பட்ட காயத்தின் விளைவு. அவருடைய கணிப்பும் பொய்த்தது. அன்றைய இளைஞர் அனைவரும் யூனிட்டேரியன்களாகவே சாவார்கள் என்று வாட்டர்ஹவுஸுக்கு எழுதினார். நாடோ மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் எழுச்சியின் பக்கம் திரும்பியது.

பெரிய குறை வேறு. பிறவியிலேயே ஒழுக்க உணர்வு உண்டு என்று வாதிட்ட அவர், தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதரை அடிமைகளாக வைத்திருந்தார். அடிமைமுறை தவறு என்று அவருக்குத் தெரிந்திருந்தும் பெரும்பாலோரை அவர் விடுவிக்கவில்லை. கடவுளை அறிவால் அளந்தவர், தம் மான்டிசெல்லோ பண்ணையை அதே அறிவால் அளக்கவில்லை. இதை மறைத்துவிட்டு அவரைப் போற்றுவது நேர்மையாகாது.

முடிவு

கடிதங்கள் தரும் விடை தெளிவானது. ஜெஃபர்சன் நாத்திகர் அல்லர். திருச்சபை ஏற்கும் பொருளில் கிறிஸ்தவரும் அல்லர். படைத்தவன் ஒருவன் உண்டு என்று நம்பினார். இயேசுவை ஒப்பற்ற ஒழுக்க ஆசானாக மதித்தார். திரித்துவத்தையும் அற்புதங்களையும் குருமார் அதிகாரத்தையும் மறுத்தார். 1819இல் ஒரு போதகருக்கு எழுதியபடி, அவர் தமக்குத் தாமே ஒரு சமயப் பிரிவு. 1787க்கும் 1823க்கும் இடையில் சொல்லும் முறை மாறியது. அறிவே நீதிபதி என்ற அடிப்படை மாறவில்லை.

அவரைத் தங்கள் அணியில் சேர்த்துக்கொள்ளத் துடிக்கும் இரு தரப்பினருக்கும் சொல்ல வேண்டியது ஒன்றே. 2012இல் ஜெஃபர்சனைப் பக்திமானாகக் காட்டிய நூல் ஒன்றைப் பிழைகளுக்காக அதன் பதிப்பகமே திரும்பப் பெற்றது. மறுபக்கம், பீட்டர் கார் கடிதத்தின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு அவரை நாத்திகராக்கும் வேலையும் நிற்கவில்லை. முழுக் கடிதத்தையும் படியுங்கள். யாருக்கு, எப்போது என்று பாருங்கள். ஆட்சிக்கு வருபவரின் கடவுளை விசாரிப்பதைவிட, தம் கடவுளை ஏற்காத குடிமகனை அவர் எப்படி நடத்துவார் என்று கேட்பதே குடியாட்சிக்குப் பொருத்தமான கேள்வி. மதச் சுதந்திரத்தைப் பொறுத்தவரை ஜெஃபர்சன் அந்தக் கேள்விக்குச் சட்டமாகவே பதில் எழுதினார். தம் கல்லறையில் பொறிக்கச் சொன்ன மூன்று சாதனைகளில் அந்தச் சட்டமும் ஒன்று. குடியரசுத் தலைவர் பதவி அந்தப் பட்டியலில் இல்லை.